திரும்பி வந்த பிரதி

காலேஜில் இரண்டு வருஷத்தோடு பௌதிகத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஸ்டீபன் வீஸ்னரின் 'கான்ஜுகேட் கோடிங்' கட்டுரையில் கணக்குப் பாதி எனக்கு எட்டவில்லை. ஆனாலும் அதில் வேலை செய்வது கதைக்காரனின் மூளை என்றே சொல்லுவேன்.

பண நோட்டில் நுண்துகள்களை அடைத்துவைக்கலாம் என்கிறார். ஒவ்வொன்றும் நாலு நிலைகளில் ஏதோ ஒன்றில் இருக்கும். எதில் என்பது நோட்டு அடித்தவர்களுக்குத்தான் தெரியும். அளக்க இரண்டு வழிகள் உண்டு. கள்ள நோட்டுக்காரன் தப்பான வழியில் அளந்தால், அளந்ததாலேயே நிலை மாறிப்போகும். தொட்டுப் பார்த்தால் கலைந்துவிடும் ரகசியம்! இதைவிட நல்ல துப்பறியும் கதைக் கரு நமக்கு ஏது?

குறை இல்லாமல் இல்லை. நோட்டு நல்லதா என்று பார்க்க மளிகைக் கடைக்காரர் பாங்குக்கு ஓடவேண்டும். துகள்களின் நிலை கலையாமல் நோட்டைச் சட்டைப்பையில் வைத்திருக்க இன்றும் வழி கிடையாது.

1970 வாக்கில் எழுதியது. ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது; அச்சேறியது 1983-ல். நடுவில் சார்லஸ் பென்னெட் என்ற நண்பர் அதை மறக்கவில்லை. 1979-ல் போர்ட்டோ ரிக்கோ கடலில் நீந்திக்கொண்டே பிராஸார்ட் என்பவரிடம் சொன்னார். 1984-ல் இருவரும் அதே யோசனையிலிருந்து ரகசியச் சாவி அனுப்பும் முறையை உண்டாக்கினார்கள்.

திருப்பி அனுப்பிய ஆசிரியரை நான் திட்டப்போவதில்லை. மலர் ஒன்றுக்குக் கதை பொறுக்கியபோது, புரியவில்லை என்று நானே எத்தனையோ பிரதிகளைத் திருப்பியிருக்கிறேன். இரண்டாம் தரம் படித்துப் பார்த்தேனா என்றால், இல்லை.