ஆணி அடிக்காத அலமாரி

வாடகை வீடு பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். கரண்டுக்கு யூனிட் எவ்வளவு என்று கேட்பார்கள். நான் நேரே படுக்கையறைக்குப் போய்ச் சுவர் அலமாரியைத் திறப்பேன். உள்ளே தலையை விட்டு, கல்லைத் தட்டி, பின்சுவரில் ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவுவேன். கூட வந்த தரகர் அந்த நேரத்தில் என் மனைவியைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

சென்னையில் முப்பது வருஷத்துக்கு முன் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் இந்த அலமாரிக்கு ஏறக்குறைய ஒரே இலக்கணம்தான். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு குழிவு, ஒன்றரை அடி ஆழம். குறுக்கே நாலைந்து கடப்பா கல். முன்னால் மரச்சட்டம், இரட்டைக் கதவு, தலைக்கு மேல் லாஃப்ட். ஆந்திரத்துக் கடப்பையிலிருந்து வரும் அந்தக் கருஞ்சாம்பல் சுண்ணாம்புக் கல்லைக் குறை சொல்லவே முடியாது. தொய்யாது, துருப்பிடிக்காது, கரையான் பல் அதில் பதியாது. வெயில் காலத்தில் அதன்மேல் வைத்த பனியன்கூடச் சில்லென்று இருக்கும். குறை கல்லில் இல்லை, கொத்தனாரின் கணக்கில் இருக்கிறது. பதினெட்டு அங்குலத்துக்கு ஒரு கல் என்று பதித்துவிட்டுப் போய்விடுவார். கைக்குட்டைக்கும் அதே உயரம், கம்பளிக்கும் அதே உயரம். பதினெட்டு அங்குலத்துக்கு மடித்த சட்டையை அடுக்கினால் அது கோபுரம். அடியிலிருக்கும் நீலச் சட்டையை இழுத்தால் கோபுரம் காலில் விழும். சட்டையைத் தொங்கவிடலாம் என்றால் அதற்குக் குறைந்தது மூன்றடி வேண்டும். கல்லைப் பெயர்க்க நமக்கு உரிமை இல்லை. ஹவுஸ் ஓனர் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: “சார், சுவத்துல ஒரு ஆணி அடிக்கப்படாது. போறப்ப பார்ப்பேன்.”

சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொற்கள். பீரோ பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனது. நம்மிடம் இருந்தவை கொடி, பரண், பெட்டி. கொடியில் தொங்கினால் கட்டுகிற துணி, பெட்டியில் இருந்தால் விசேஷத் துணி. இரண்டே வகை. அடுக்கும் பிரச்சினையே அப்போது எழவில்லை என்று நினைக்கிறேன். இப்போது ஆபீஸ் சட்டை, வீட்டுச் சட்டை, பழசாகி வீட்டுக்கு இறங்கிய ஆபீஸ் சட்டை, அதுவும் பழசாகித் துடைக்கும் துணியாகக் காத்திருக்கும் சட்டை என்று ஒரே ஆளின் துணியில் நாலு சாதி.

நல்ல அலமாரியை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டால் நான் அதைத் துவைத்த நாளன்று பார்க்கச் சொல்வேன். திறந்ததும் படம் பிடிக்கத் தோன்றும் அலமாரிகளை நிறையப் பார்த்தாயிற்று. ஒரே நிறப் பெட்டிகள், கண்ணாடிபோன்ற அக்ரிலிக் அறைகள், ஒவ்வொன்றுக்கும் அச்சடித்த பெயர்ச்சீட்டு. எடுப்பதற்கு அவை எல்லாமே சௌகரியம்தான். மாடியிலிருந்து காய்ந்த துணியை ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து, டிவியில் ஒரு கண் வைத்தபடி, மடித்ததை யோசிக்காமல் அதனதன் இடத்தில் வைக்க முடிகிறதா? அங்கேதான் வேலைப்பாடு தெரியும். பெட்டிக்கடைக்காரரைப் பாருங்கள். நாலடிக்கு நாலடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தபடி, சில்லறை எண்ணிக்கொண்டே, திரும்பிப் பாராமல் வலக்கை பின்னால் போய்த் தீப்பெட்டியோடு திரும்பும். மீந்த தீப்பெட்டி அதே வழியில் திரும்பிப் போகும். அஞ்சறைப் பெட்டியும் அப்படித்தான். கடுகை எங்கே வைப்பது என்று அதன் முன் நின்று யாரும் யோசித்ததில்லை. சின்ன அலமாரியில் கை வைக்க நினைப்பவருக்கு இந்த இரண்டும்தான் பாடநூல். மரி கோண்டோவின் புத்தகம் 2014இல் ஆங்கிலத்துக்கு வந்து உலகமே துணியை நிறுத்திவைத்து அடுக்க ஆரம்பித்தபோது நானும் அடுக்கினேன். டி-ஷர்ட், கால்சட்டை, குழந்தைத் துணிக்கு அது அருமையான வழி. கஞ்சி போட்ட வேட்டியிடம் செல்லாது.

முதல் வேலை, அந்தப் பதினெட்டு அங்குலத்தை இரண்டாகப் பிரிப்பது. அதற்கு நான் வைத்த பெயர் பாதித் தட்டு. பலகை, அதற்குக் கால்கள், அவ்வளவுதான். பிளைவுட் கடைகளில் மூலையில் சாய்த்து வைத்திருக்கும் கட் பீஸில் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினால் பாதிச் செலவு முடிந்தது. உள்ளே டேப்பைப் பிடித்தேன். அகலம் 34 அங்குலம். ஓர் அங்குலம் விட்டு 33க்கு, காலோடு சேர்த்து, ஸ்டூல் மாதிரி ஒரே உருப்படியாகச் செய்தேன். மூலைமட்டம் வைத்துப் பார்த்து, ஃபெவிகால் போட்டு, இரவு முழுக்க அம்மிக்கல்லைப் பாரமாக வைத்துக் காயவிட்டேன். காலையில் கொண்டுபோனால் உள்ளே போகவில்லை. குழிவின் அகலம் 34. ஆனால் வாசலில் நிற்கும் மரச்சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலத்தைத் தின்றுவிட்டது. வழி 31தான். அலமாரியை அளப்பவர்கள் வீட்டை அளந்து வாசலை மறந்துவிடுகிறார்கள். கீழ் வீட்டில் கதவு இழைக்க வந்திருந்த ஆசாரி எட்டிப் பார்த்தார். “காலைத் தனியா வச்சிருக்கணும் தம்பி. பலகையைச் சாய்ச்சு உள்ள விட்டா அதுவா படுத்துக்கும்.”

அப்படித்தான் ஆயிற்று. கால்களைப் பிரித்து முதலில் உள்ளே நிறுத்தி, பலகையைக் குறுக்காகச் சாய்த்து நுழைத்து மெல்லப் படுக்கவைத்தால், சட்டத்துக்குப் பின்னால் போய் அப்படியே அமர்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எப்படி உள்ளே போனது என்று விளங்காது. புட்டிக்குள் கப்பல் செய்கிறவர்களின் மனநிலை அன்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

கால் இரண்டு போதாது, நடுவில் மூன்றாவதும் வேண்டும். தாங்கும் இடங்களுக்கு நடுவிலுள்ள தூரம் இரட்டித்தால் அதே பாரத்துக்குப் பலகையின் தொய்வு எட்டு மடங்காகிவிடும். பொறியியல் கல்லூரியில் நாலு வருஷம் படித்ததில் வீட்டுக்கு உபயோகப்பட்ட ஒரே சூத்திரம் இது. நடுக்கால் வைத்தால் எட்டில் ஏழு பங்கு கவலை போய்விடுகிறது. முன்விளிம்பில் ஓர் அங்குல ரீப்பரை நெட்டுக்குத்தாக ஒட்டினால் மீதியும் போகும். அந்த ரீப்பரே பிளைவுட்டின் அடுக்கு தெரியும் முரட்டு வெட்டையும் மறைத்துவிடும். பாரம் தாங்குவதும் அழகு தருவதும் ஒரே சட்டமாக அமைவது மலிவு வேலையில் அபூர்வம். அதை நான் இன்னும் கதவைத் திறந்து பார்த்துக்கொள்வதுண்டு.

அடுத்தது ஆழம். ஒன்றரை அடி ஆழத்தில் துணி இரண்டு வரிசையாக நிற்கும். பின்வரிசையிலுள்ளது அடுத்த பொங்கலுக்குத்தான் கண்ணில் படும். இழுப்பறை செய்யும் வரை இதற்கு விமோசனம் இல்லை. இழுப்பறைக்கு நான் நம்புவது பழக்கடை அட்டைப்பெட்டியை. ஆப்பிள் வந்த பெட்டி ஐந்து பிளை அட்டை. மூன்று பிளை அட்டையைவிடப் பல மடங்கு முரடு. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ் 1871இல் நெளி அட்டைக்குக் காப்புரிமை வாங்கியது கண்ணாடிப் புட்டிகளையும் விளக்குச் சிம்னிகளையும் உடையாமல் சுற்றி அனுப்பத்தான். அந்தக் காகித நெளிவுக்குள் இருக்கும் பலம் இன்றும் எனக்கு ஆச்சரியம். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும்: பக்கச்சுவர்களில் நெளிவு மேலிருந்து கீழாக ஓட வேண்டும். படுக்கைவாட்டில் ஓடினால் ஒரே மாதத்தில் பெட்டி இடுப்பு வளைந்துவிடும்.

வெறும் அட்டை சீக்கிரம் சலித்துப்போகும். அதற்குத் துணி உடுத்த வேண்டும். பைண்டிங் செய்கிறவர்களிடம் இதைக் கற்றுக்கொண்டேன். பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளுக்கு நடுவே காலிகோ துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும். கோழிக்கோட்டிலிருந்து கப்பல் ஏறியதால் அந்தப் பெயர். வாங்க மனமில்லாதவர்களுக்குப் பழைய பருத்திப் புடவை போதும். நான் பெரும்பாலும் அதைத்தான் எடுக்கிறேன். பசை மைதாமாவில் காய்ச்ச வேண்டும், கட்டி தட்டாமல், தோசைமாவைவிடத் தளர்வாக. பைண்டர்கள் அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார்கள். மாவுப்பசை என்றால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. மயில்துத்தம் அந்த விருந்தைக் கெடுக்கும். விஷமானதால் பிள்ளைகள் கைக்கும் அடுப்படிப் பாத்திரங்களுக்கும் அது எட்டக்கூடாது. துணியை மூலையில் மடக்கும்போது, பரிசுப் பொருளுக்குத் தாள் சுற்றுவதுபோல் குவித்து ஒட்டாமல், நாற்பத்தைந்து பாகையில் ஒரு முக்கோணத்தை வெட்டிவிட்டு ஒட்டினால் மூலை கத்திபோல் நிற்கும். முன்பக்கம் இரண்டு துளை, அதில் பழைய பையின் நாடா. இழுத்தால் கடப்பா கல்லின்மேல் பெட்டி சத்தமே இல்லாமல் வழுக்கி வரும். பின்சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஓர் அங்குலம் விட்டுவிடுங்கள். ஐப்பசி மழையில் சுவர் ஈரம் அட்டைக்கு இறங்கினால், கரையானுக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாகும்.

குழாய் வேலை நடந்த இடத்தில் மீந்து கிடக்கும் நாலு இஞ்ச் பிவிசி பைப்பை மூன்று அங்குலத் துண்டுகளாக அறுத்து, தேன்கூடுபோல் ஒட்டி, ஒவ்வொரு வளையத்திலும் ஒரு ஜோடி சாக்ஸை வைக்கலாம். செய்தேன். பார்ப்பவர்கள் எல்லோரும் இதைத்தான் பாராட்டுகிறார்கள். எனக்கென்னவோ இது வித்தை காட்டுகிற சாமான். அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கை வீங்கியதற்கு, ஒரு செருப்புப் பெட்டியே இதைச் செய்திருக்கும்.

ஸ்பிரிங் கம்பியைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உண்டு. இரண்டு சுவருக்கு நடுவில் உந்தி நிற்கும் அந்தக் கம்பியை, ஆணி கூடாது என்ற ஓனருக்கு எதிராக யாரோ யோசித்துச் செய்திருக்க வேண்டும். டிஸ்டெம்பர் உதிரும் சுவரில் மட்டும் வழுக்கும். பஞ்சர் கடையில் ஒரு பழைய சைக்கிள் ட்யூப் துண்டைக் கேட்டு வாங்கி, கம்பியின் நுனிக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தால் துப்பட்டாக்களையும் துண்டுகளையும் தாங்கும். ஜீன்ஸைப் போட்டால் இரவு இரண்டு மணிக்குத் தடாலென்று விழுந்து வீட்டையே எழுப்பும்.

கதவின் உட்புறம் என் மனைவியின் ராஜ்யம். கிழிந்த ஜீன்ஸ்களின் பைகளை மட்டும் வெட்டியெடுத்து, ஒரு பழைய போர்வைத் துண்டில் ஒன்பது பைகளாகத் தைத்தாள். அதைத் தொங்கவிடத்தான் வழி தெரியவில்லை. கொக்கி மாட்டினால் கதவு மூடவில்லை. பார்சல் கட்டி வரும் பிளாஸ்டிக் பட்டை இருக்கிறதே, அது கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் தாள்போல் நுழைந்துவிடுகிறது என்பதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். கல் சட்டத்திலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி இருப்பதால் பைகள் இடிப்பதில்லை. பெல்ட், ஊக்கு, ஊசிநூல், இஸ்திரிக்காரர் கணக்கு நோட்டு எல்லாம் அங்கே. ஒன்பதாவது பையில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொன்னதில்லை.

பட்டுப்புடவைகளுக்கு மேல்தட்டு. அவற்றை நிறுத்தவும் கூடாது, அடுக்கி நசுக்கவும் கூடாது. பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றிப் படுக்கவைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்ற வேண்டும். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டிலேயே விட்டுப்போகும். பாச்சை உருண்டையை நான் வீட்டில் சேர்ப்பதில்லை. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த பச்சைக் குழந்தைகளுக்கு, அந்த உருண்டையோடு கிடந்த துணியின் நெடியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் காமாலையில் கொண்டுபோய் விடக்கூடும். வசம்பும் வெட்டிவேரும் வைக்கிறேன். பூச்சி போகிறதோ இல்லையோ, தீபாவளிக்கு அலமாரியைத் திறந்தால் அம்மாவின் ட்ரங்குப் பெட்டி வாசனை வருகிறது.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு மூன்று மாதம் அலமாரி நான் நினைத்தபடியே இருந்தது. அப்புறம் ஒரு கல்யாணம், இரண்டு தள்ளுபடி விற்பனை. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஐந்தாவது, நூலகம் வளரும் உயிர் என்பதைப் பற்றியது. வளர்கிற நூலகத்துக்குக் கட்டடத்தைப் பெரிதாக்கலாம். எங்கள் அலமாரிக்கு 34 அங்குலம்தான். ஆகவே ஒரு இழுப்பறையை எப்போதும் காலியாக வைத்திருந்தேன். மனைவி அதை விரயம் என்றாள். புதிதாக ஒன்று வந்தால் அதற்குள் போகும். அது நிறைந்தால், பழசாகி வீட்டுக்கு இறங்கிய சட்டைகளில் சில மஞ்சப்பையில் ஏறும். அரசாங்கம் 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீண்டும் கொண்டுவந்ததிலிருந்து அதற்கும் எங்கள் வீட்டில் பஞ்சமில்லை.

போன மாதம் வீடு மாறினோம். ஓனர் சொன்னபடியே வந்து, டார்ச் அடித்து அலமாரிக்குள் பார்த்தார். ஆணித் துளை ஒன்றுகூட இல்லை. பாதித் தட்டு இருந்த இடத்தில் சுவரில் தூசி ஒரு மெல்லிய கோடு போட்டிருந்தது. கையால் துடைத்ததும் அதுவும் போய்விட்டது. முன்பணத்தை அப்படியே கொடுத்தார்.

புது வீட்டு அலமாரியின் உள்ளகலம் 32½ அங்குலம். பலகை 33. அரை அங்குலம் அறுக்க வேண்டும். ரம்பத்தை எந்தப் பெட்டியில் வைத்துக் கட்டினேன் என்று நேற்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.