மெரினா குதிரைகள்

நண்பன் போன பிறகு, ஆறுதல் சொன்னவர்களுக்கெல்லாம் தலையாட்டினேன். மனசு இளகியதென்னவோ மெரினாவில், கலங்கரை விளக்கத்துப் பக்கம் சவாரிக்கு நிற்கும் குதிரைகளிடம்தான். அவன் இருந்தால் பேரம் பேசி ஏறியிருப்பான். எனக்குப் பக்கத்தில் நின்றாலே போதும். கழுத்தில் கை வைத்தால் மேலே வழவழப்பு, அடியில் வெதுவெதுப்பு. பிடரி மயிருக்குக் கீழே உள்ளங்கை நுழையும் இடத்தில் இன்னும் கொஞ்சம் சூடு. குதிரைக்கு வாயால் மூச்சுவிட வராது, முழுக்க மூக்கால்தான். அந்த மூச்சு நீளமாக, ஈரமாக, உப்புக்காற்றோடு வந்து தோளில் படும். சற்று நேரத்தில் நம் மூச்சும் அந்த நிதானத்துக்கு இறங்கிவிடும்.

குதிரைக்காரத் தம்பியின் கையைப் பார்க்க வேண்டும். காலைத் தூக்கச் சொல்லி அதட்டுவதே இல்லை. தோளிலிருந்து முழங்கால் வரை மெல்லத் தடவிக்கொண்டே வருவார். குதிரை தானாகக் குளம்பைக் கொடுக்கும். லாடத்துக்குள் இறுகிய ஈரமணலைச் சுரண்டும் ‘சரக் சரக்’, அப்புறம் ஊறிய கொள்ளை அது அவசரமில்லாமல் அரைத்து மெல்லும் ஓசை. கேட்கக் கேட்க அலுக்காது. ஞாயிறு மாலைக் கூட்டத்தில் குதிரைக்கு ஓய்வே கிடையாது. வார நாளில், வெயில் ஏறும் முன் போங்கள். நேர் பின்னால் நிற்பவர் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார்; பக்கவாட்டில், குரல் கொடுத்துக்கொண்டே நெருங்குங்கள்.