யேல் இசைப்பள்ளி: இலவசமான பிறகும் மிச்சமிருக்கும் கட்டணம்

2005இல் ஒரு தம்பதி யேல் பல்கலைக்கழகத்தின் இசைப்பள்ளிக்கு 10 கோடி டாலர் கொடுத்தார்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சில வருடம் கழித்துத்தான் அது ஸ்டீபன் ஆடம்ஸ், டெனிஸ் ஆடம்ஸ் என்று தெரியவந்தது. ஸ்டீபன் அதே யேலில் 1959இல் பட்டம் வாங்கியவர். அந்தப் பணத்தின் விளைவு, 2006-07 கல்வியாண்டிலிருந்து அங்கே சேரும் எந்த மாணவரும் படிப்புக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவில், அதுவும் யேலில், முதுகலைப் படிப்பு சும்மா என்றால் யாருக்கும் புருவம் உயரும்தானே?

சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 கோடி டாலரை முதலாக வைத்து, ஆண்டுக்கு 5 விழுக்காடு எடுத்துச் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். 50 லட்சம் டாலர் வருகிறது. பள்ளியில் ஏறக்குறைய 200 மாணவர்கள். ஆளுக்கு 25,000 டாலர். ஒரு மருத்துவப் பள்ளியையோ சட்டப் பள்ளியையோ இப்படி இலவசமாக்க இதைப்போலப் பல மடங்கு தேவைப்படும். இசைப்பள்ளி சின்னது, அதனால் ஒரே குடும்பத்தின் பணத்தில் காரியம் முடிந்தது.

இந்த நன்கொடையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். "இனி திறமை மட்டும்தான் அளவுகோல், பணம் இல்லை" என்கிற தொனி. எனக்கு அந்த இடத்தில்தான் உதைக்கிறது. இந்தப் பள்ளியின் சொந்த வரலாறே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்பது என் வாதம்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். யேலில் இசை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, கலை அறிவியல் புலத்தில் இருக்கும் இசைத்துறை. இசை வரலாறு, இசைக் கோட்பாடு, முனைவர் பட்ட ஆராய்ச்சி எல்லாம் அங்கே. இன்னொன்று இந்த இசைப்பள்ளி. வாசிப்பவர்கள், பாடுபவர்கள், நடத்துனர்கள், இசையமைப்பாளர்கள் இங்கே. 1950களின் பிற்பகுதியிலிருந்து இது முதுகலைத் தொழிற்பள்ளி. அதாவது உள்ளே வரும்போதே ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியிருக்க வேண்டும். (பட்டம் இல்லாதவர்களுக்கு ஒரு சான்றிதழ்ப் படிப்பு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.) இவை தவிர, 1973இல் நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சமய இசைக் கழகம் ஒன்றும் இருக்கிறது. அது தனிக்கதை.

சேர்க்கை எப்படி நடக்கிறது? வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு வயலின்காரரோ பியானோக்காரரோ 22 வயதில் அந்தத் தேர்வில் தேற வேண்டுமானால், ஐந்தாறு வயதில் ஆரம்பித்திருக்க வேண்டும். வாரா வாரம் தனிப்பாடம், பதினைந்து வருடம். நல்ல வயலின், நல்ல வில், கோடைகால முகாம், போட்டிகளுக்குப் பயணம், பிறகு ஒரு இளங்கலைப் பட்டம். இத்தனைக்கும் காசு கொடுத்தது யார்? அப்பா அம்மா. அந்தப் பதினைந்து வருடக் கட்டணத்தைக் கட்டி முடித்தவர்களிடம் போய் "கடைசி இரண்டு வருடம் இலவசம்" என்கிறோம். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், வடிகட்டி வேலை செய்வது உள்ளீட்டுப் பக்கத்தில், நாம் திருத்தியது வெளியீட்டுப் பக்கத்தில்.

இதற்கு மறுப்பு உண்டு. கடனோடு வெளியே வருகிற இசைக்கலைஞர் கிடைக்கிற வேலைக்கு ஓட வேண்டியிருக்கும், கடனில்லாதவர் துணிந்து ஏதாவது செய்து பார்ப்பார். உண்மைதான். 2007இல் இங்கே வயலினில் முதுகலை முடித்த கரோலைன் ஷா, 2013இல் புலிட்சர் பரிசு வாங்கினார், அதுவும் வயலினுக்கு இல்லை, எட்டுக் குரல்களுக்கு எழுதிய இசைக்காக. இசைப் பிரிவில் அந்தப் பரிசைப் பெற்றவர்களிலேயே மிக இளையவர். ஆனால் கட்டணம் வாங்கிய காலத்திலும் துணிச்சல்காரர்கள் வந்திருக்கிறார்கள். மார்ட்டின் பிரெஸ்னிக்கிடம் படித்த மைக்கேல் கார்டன், டேவிட் லாங், ஜூலியா வுல்ஃப் மூவரும் சேர்ந்து 1987இல் நியூயார்க்கில் 'பேங் ஆன் எ கேன்' தொடங்கினார்கள். பிறகு லாங், வுல்ஃப் இருவருக்கும் புலிட்சர் கிடைத்தது. ஆக இந்த வாதத்தை ஒரு அளவுக்கு மேல் இழுக்க முடியாது.

என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியது வேறு ஒருவரின் கதை. வில்லி ரஃப்.

1931இல் அலபாமாவின் ஷெஃபீல்ட் என்ற ஊரில் பிறந்த கறுப்பினத்தவர். ஏழைக் குடும்பம். 14 வயதில், வயதைக் கூட்டிச் சொல்லி ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். அங்கேதான் பிரெஞ்சு ஹார்ன் கற்றுக்கொண்டார். ஒஹையோவில் இருந்த லாக்போர்ன் விமானப்படைத் தளத்தில் டுவைக் மிட்செல் என்ற பியானோக்காரர் அறிமுகமானார், அவர் ரஃபுக்கு பாஸ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் சார்லி பார்க்கர், வாய்ப்புக் கிடைத்தால் யேலுக்குப் போய் பால் ஹிண்டமித்திடம் படிப்பேன் என்கிற மாதிரி சொல்லியிருந்ததைப் படித்ததாக ரஃப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜாஸ் உலகத்தின் உச்சத்தில் இருந்த பார்க்கரே போக ஆசைப்படுகிற இடமா? சரி, நாம போவோம் என்று கிளம்பிவிட்டார் மனுஷன்.

ஹிண்டமித் நாஜி ஜெர்மனி ஒதுக்கிய இசையமைப்பாளர். 1940 முதல் 1953 வரை யேலில் கற்பித்தார். பழைய ஐரோப்பிய இசையை மாணவர்களே பாடி வாசித்துப் பழக 'கொலீஜியம் மியூசிக்கம்' என்ற குழுவை அங்கே உருவாக்கினார். கோட்பாட்டையும் கையையும் பிரிக்கக் கூடாது என்ற கட்சி. ரஃப் அவரிடம் படித்து 1953இல் இளங்கலையும் அடுத்த வருடம் முதுகலையும் முடித்தார்.

இப்போது கவனியுங்கள். ரஃபுக்கு மூன்று விஷயங்கள் கிடைத்தன. கருவியும் பயிற்சியும் ராணுவ இசைக்குழுவில், இலவசமாக. படிப்புக் கட்டணம், முன்னாள் ராணுவத்தினருக்கான ஜி.ஐ. சட்டத்தில். அதே சட்டத்தில் மாதாமாதம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உதவித்தொகை. நான்காவதாக ஒன்றையும் சேர்க்கலாம்: அன்றைக்கு யேல் இசைப்பள்ளியில் இளங்கலைப் பட்டம் இருந்தது. பட்டாளத்திலிருந்து நேராக உள்ளே நுழைய ஒரு கதவு திறந்திருந்தது.

ஆடம்ஸ் தம்பதியின் நன்கொடை இந்த நான்கில் ஒன்றைச் சரிசெய்கிறது, கட்டணத்தை. கருவி, ஆரம்பப் பயிற்சி, நியூ ஹேவனில் குடியிருக்கும் செலவு மூன்றையும் மாணவர்தான் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். நான்காவது கதவையோ பள்ளியே 1950களின் பிற்பகுதியில் பெரும்பாலும் சாத்திவிட்டது. முதுகலைப் பள்ளி ஆனது அந்தஸ்து உயர்வு என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். ரஃப் நுழைந்த கதவும் அதில்தான் போனது என்பதை யாரும் சேர்த்து எழுதுவதில்லை.

ரஃப் 1971இல் ஆசிரியராகத் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டே டியூக் எலிங்டன் பெயரில் ஒரு நல்கைத் திட்டம் தொடங்கி, எலிங்டன் உட்பட கறுப்பின இசைமேதைகளை யேலுக்கு அழைத்துவந்து மரியாதை செய்தார். அந்த நிகழ்ச்சிகளில் ஒன்றின்போது வெடிகுண்டு மிரட்டல் வந்தது. அரங்கத்தைக் காலி செய்தார்கள். சார்லஸ் மிங்கஸ் மட்டும் வெளியே வர மறுத்து, உள்ளே தனியாக நின்று எலிங்டனின் 'சொஃபிஸ்டிகேட்டட் லேடி'யை பாஸில் வாசித்துக்கொண்டிருந்தார். தெருவில் நின்று எலிங்டன் அதைக் கேட்டார். ஐரோப்பிய மரபை மட்டுமே இசை என்று எண்ணி எழுப்பிய ஒரு பள்ளிக்குள் இன்னொரு மரபைக் கொண்டுவர எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு படம் வேண்டியதில்லை.

வரலாற்றில் இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். 1894இல் யேலில் இசைக்கு முதல் பட்டங்கள் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஹோரேஷியோ பார்க்கர் பேராசிரியராக வந்தார், மியூனிக்கில் பயின்றவர். அதே ஆண்டு யேல் கல்லூரியில் சேர்ந்த ஒரு மாணவர் சார்லஸ் ஐவ்ஸ். பார்க்கரிடம் பாடம் கேட்டு 1898இல் பட்டம் வாங்கினார். இன்றைக்கு யேல் இசை என்றால் முதலில் வருகிற பெயர் ஐவ்ஸ்தான். ஆனால் ஐவ்ஸின் காது எங்கே உருவானது? டான்பரி ஊரில், உள்நாட்டுப் போரில் பேண்டு வாத்தியக்குழு நடத்திய அப்பா ஜார்ஜ் ஐவ்ஸிடம். பார்க்கர் கொடுத்தது ஒழுங்கு, பெரிய வடிவங்களை எழுதும் பயிற்சி. அதுவும் சின்ன விஷயமில்லை. பிறகு ஐவ்ஸ் காப்பீட்டுத் தொழிலில் சம்பாதித்துக்கொண்டு இசை எழுதினார். மூன்றாம் சிம்பொனிக்கு 1947இல் புலிட்சர் வந்தது, எழுதிப் பல பத்தாண்டுகள் கழித்து. மூலப்பொருள் வெளியிலிருந்து வருகிறது, பள்ளி மெருகேற்றுகிறது. அப்படியானால் மூலப்பொருள் எந்தெந்த வீடுகளிலிருந்து வருகிறது என்பதுதானே முக்கியமான கேள்வி?

பள்ளிக்கு இது தெரியாமல் இல்லை. யேலின் 1957ஆம் ஆண்டு வகுப்பினர் தங்கள் 50ஆம் ஆண்டு ஒன்றுகூடலை ஒட்டி நிதி கொடுத்து, நியூ ஹேவன் அரசுப் பள்ளிகளில் இசை கற்பிக்கும் திட்டம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். இசைப்பள்ளி மாணவர்கள் போய்ச் சொல்லிக்கொடுக்கிறார்கள், கோடையில் சிறுவர்களுக்கு மோர்ஸ் அகாடமி நடக்கிறது. என் பார்வையில் இந்தப் பள்ளி செய்கிற மிக உருப்படியான காரியம் இதுதான். ஆனால் இது ஓரத்தில் நடக்கிற சேவையாக இருக்கிறது. பெரும்பணம் உச்சிக்குப் போகிறது, அடிவாரத்துக்குச் சில்லறை. இரண்டும் இடம் மாறியிருக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை, பாதிக்குப் பாதியாவது இருந்திருக்கலாம்.

இன்னொரு குறை, பெயரில். 'ஸ்கூல் ஆஃப் மியூசிக்' என்று பொதுப்பெயர் வைத்துக்கொண்டு மேற்கத்திய செவ்வியல் இசையை மட்டும் மையத்தில் வைப்பது. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் அப்படித்தானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது, ஏனென்றால் நியூ ஹேவனிலிருந்து 40 கிலோமீட்டர் வடக்கே மிடில்டவுனில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1960களிலேயே நம்ம வீணை தனம்மாளின் பேரன் டி. ரங்கநாதன் அங்கே மிருதங்கம் கற்பித்தார். அவர் தம்பி டி. விஸ்வநாதன் புல்லாங்குழலும் பாட்டும் கற்பித்து, அங்கேயே முனைவர் பட்டமும் வாங்கினார். அக்கா பாலசரஸ்வதியும் அங்கே ஆடிக் கற்பித்தவர். அந்த ஊரில் படித்த ஜான் ஹிக்கின்ஸ் திருவையாற்றில் வந்து பாடினதை நம் பெரியவர்கள் இன்னமும் சொல்வார்கள். பணத்தில் யேல் எங்கே, வெஸ்லியன் எங்கே! அதே மாநிலம், அதே பத்தாண்டு. 'இசை' என்ற சொல்லுக்கு எவ்வளவு அகலம் கொடுப்பது என்பது பணத்தால் முடிவாகும் விஷயமில்லை என்று இந்த 40 கிலோமீட்டர் காட்டுகிறது.

யேல் எல்லாவற்றையும் கற்பிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு மரபை ஆழமாகச் செய்வதில் தப்பே இல்லை. டோக்கியோ நால்வர் குழு 1976 முதல் 2013 வரை அங்கேயே தங்கிக் கற்பித்தது என்றால் அந்த ஆழம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் ஆழத்துக்கு விலை உண்டு, அதை யார் கட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பேசணும், அவ்வளவுதான்.

2023இல் ஹோசே கார்சியா-லியோன் புதிய முதல்வராக வந்திருக்கிறார். அதே ஆண்டு டிசம்பரில் வில்லி ரஃப் காலமானார். ரஃபைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 1619இல் கெப்ளர், கோள்களின் வேகத்தை வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரவரிசை எழுதிவைத்தார். ரஃபும் யேலின் நிலவியல் பேராசிரியர் ஜான் ராட்ஜர்ஸும் அந்த எண்களைக் கணினியில் ஏற்றி ஒலியாக்கி, 1979இல் இசைத்தட்டாகவே வெளியிட்டார்கள். புதன் கீச்சென்று ஏறி இறங்கும், வியாழன் அடியில் உறுமும். அந்தக் கணக்குகளைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் வேலையை ஆரம்பித்திருக்கிறேன், முடிந்ததும் நிரலோடு சேர்த்துத் தனியாக எழுதுகிறேன்.