ஆவடி கியர்பாக்ஸும் நாளைய ரேடாரும்

போர் விமானத்தில் நாளைய கருவிகளுக்கு இடம் விடுவதா வேண்டாமா என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. இன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் வைத்து, சிறிதாக, மலிவாக, ஏராளமாகச் செய்வது சோவியத் மரபு. மிக்-21 அதன் உச்சம். அதன் மூக்கே என்ஜினுக்குக் காற்று போகும் வாய். வாயின் நடுவிலுள்ள கூம்புக்குள்தான் ரேடார். பெரிய ரேடார் வைக்கக் கூம்பைப் பெருக்கினால் காற்று குறையும். மற்றது அமெரிக்க மரபு. 1974-இல் முதலில் பறந்த எஃப்-16 இலகு விமானமாகத்தான் பிறந்தது. ஆனாலும் புதிய ரேடார்களையும் வலுவான என்ஜின்களையும் ஏற்று இன்றும் உற்பத்தியில் இருக்கிறது.

இடம் என்றதும் காலி அறையைத்தான் நினைக்கிறோம். அதைவிட முக்கியம் மின்சாரமும் குளிரூட்டலும். இதற்குச் சான்று திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த ஆவடி ஆய்வகம்தான் தேஜஸ் விமானத்தின் கியர்பாக்ஸையும் உருவாக்கியது. விமானத்தின் உடலில் பொருத்திய அந்தப் பெட்டி, ஒரு தண்டு வழியாக என்ஜினின் சுழற்சியை வாங்கி ஜெனரேட்டரையும் ஹைட்ராலிக் பம்புகளையும் ஓட்டுகிறது. எந்தப் புதுக் கருவி வந்தாலும் அது தின்னும் மின்சாரம் இந்தப் பற்சக்கரங்களைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒரு விமானம் எவ்வளவு வளரும் என்பதற்கு இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. உள்ளிடமும் அற்பமல்ல: தேஜஸ் மார்க்-1ஏ-க்குப் புது ரேடார் கிடைத்தது, எதிரி ரேடாரைக் குழப்பும் ஜாமரையோ இறக்கைக்கு அடியில் தொங்கவிட வேண்டியதாயிற்று. மார்க்-2 உடலையே நீட்டி வரையப்பட்டது.

நாளைக்கென்று இடம் விட்டால் இன்றே கனம் கூடாதா, நாளை வரப்போவது யாருக்குத் தெரியும் என்று கேட்பார்கள். கனம் கூடும்தான். ஆனால் வரப்போகும் கருவியின் பெயர் தெரியாவிட்டாலும் அது கூடுதல் சக்தி கேட்கும் என்பது தெரியும். அதே சோவியத் சிக்கன மரபில் பிறந்து ஆவடியில் கட்டப்பட்ட டி-72 டாங்கிக்கே 780 குதிரைத்திறன் போதாமல், 1000 குதிரைத்திறன் என்ஜினுக்கு 2025 மார்ச்சில் 24.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட வேண்டி வந்தது. மிக்-21 மட்டும் 1963 முதல் 2025 செப்டம்பர் வரை நம்மிடம் இருக்கவில்லையா என்றால், இருந்தது. மாற்று விமானம் வரத் தாமதமானது அதற்குப் பெரிய காரணம். பைசன் என்ற மேம்பாடு அதற்கு நல்ல ரேடாரைத் தந்தது, பறக்கும் தூரம் குட்டையாகவே நின்றது.

வளர விடும் இடம் ஒவ்வொரு உதிரிபாகத்திலும் இருக்க வேண்டும் என்பதால், ஆவடிக்கு அவற்றைச் செய்ய முன்வரும் அம்பத்தூர், கும்மிடிப்பூண்டிப் பட்டறைகளுக்கு ஒரு வேண்டுகோள்: வரைபடம் கேட்கும் சுமையோடு சோதனையை நிறுத்தாதீர்கள். அதற்கு மேல் எதுவரை தாங்குகிறது என்பதையும் சோதித்து எழுதிக் கொடுங்கள்.