கொலையாளியை ஒளித்துவைக்கும் வரலாறு

டேவிட் கிரான் எழுதிய 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்' (2017) வரலாற்று நூல். ஆனால் அதன் முதல் பாகம் அச்சு அசலான துப்பறியும் கதையாகவே நகர்கிறது. 1921 மே மாதம், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், எண்ணெய்ப் பணத்தால் செல்வந்தர்களாகியிருந்த ஓசேஜ் பழங்குடியைச் சேர்ந்த அன்னா பிரவுன் ஓர் ஓடைப் பள்ளத்தில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். சில வாரங்களில் அவருடைய தாய் லிஸி சாகிறார். 1923இல் சகோதரி ரீட்டாவின் வீடு குண்டுவைத்துத் தகர்க்கப்படுகிறது. எஞ்சுபவர் இன்னொரு சகோதரி மாலி பர்க்ஹார்ட். அவருக்கு ஆறுதல் சொல்லி, நியாயம் கிடைக்கச் செய்வதாக உறுதியளிப்பவர் ஊர்ப் பெரியமனிதர் வில்லியம் ஹேல். மாலியின் வெள்ளையினக் கணவர் எர்னஸ்டுக்கு அவர் நெருங்கிய உறவு.

அந்த ஹேல்தான் சதியின் சூத்திரதாரி. எர்னஸ்டும் உடந்தை. எழுத உட்காரும்போதே கிரானுக்கு இது தெரியும். தெரிந்தும் பல அத்தியாயங்களுக்கு வாயைத் திறப்பதில்லை.

இதைக் கடைச்சரக்கு உத்தி என்று ஒதுக்கிவிட முடியாது. அன்று மாலிக்குத் தெரியாததை நமக்கும் தெரியாமல் வைத்திருக்கிறார் கிரான். நீரிழிவு நோயாளியான மாலிக்கு ஊசி போடப்படுகிறது, ஆனால் உடல்நிலை தேறாமல் மோசமாகிக்கொண்டே போகிறது. கொலையாளியின் பெயரை முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தால் இது வெறும் தகவலாக நின்றிருக்கும். சொல்லாததால், வீட்டுக்குள் யாரை நம்புவது என்ற அவருடைய அச்சம் நமக்கும் தொற்றுகிறது. மறைப்பு இங்கே வரலாற்று உண்மைக்குக் கட்டுப்பட்டது. கேட் சம்மர்ஸ்கேல் 1860இல் இங்கிலாந்தில் நடந்த ரோட் ஹில் வீட்டுக் கொலையை எழுதியபோதும் இதே நேர்மை இருந்தது. துப்பறிவாளர் விச்சர் தடுமாறும் இடத்தில் நாமும் தடுமாறுகிறோம்.

இதே உத்தி உண்மையை வளைக்கத் தொடங்கும் இடமும் உண்டு. ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் பிளட்' (1966) கான்சாஸ் மாநிலத்தில் 1959இல் ஒரு குடும்பத்தின் நால்வர் கொல்லப்பட்டதைச் சொல்கிறது. கொலையாளிகள் யார் என்பதை அது மறைப்பதில்லை. அந்த இரவில் என்ன நடந்தது என்பதைத்தான் வாக்குமூலம் வரை தள்ளிப்போடுகிறது. அதில் குறையில்லை. குறை கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. விசாரணை அதிகாரி, கொலையுண்ட பெண்ணின் தோழியைக் கல்லறைத் தோட்டத்தில் சந்திக்கிறார். மனத்தை இளக்கும் காட்சி, ஆனால் அப்படியொரு சந்திப்பு நடக்கவே இல்லை. தூக்குமேடையோடு நிறுத்தினால் வாசகர் அலைக்கழிந்த மனத்துடன் எழுந்துபோவார் என்பதற்காகக் கபோட்டி அதைச் சேர்த்தார். ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று சாதித்த நூலில் இது நம்பிக்கைத் துரோகம்.

முடிச்சு அவிழ்ந்தே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பைத்தான் துப்பறியும் கதை மரபின் பெரிய ஆபத்தாக நான் பார்க்கிறேன். ஓசேஜ் வழக்கை விசாரித்த மத்தியப் புலனாய்வுத் துறையின் தலைவர் எட்கர் ஹூவருக்கு வேண்டியிருந்ததும் அதுதான்: ஒரு வில்லன், திறமையான அதிகாரிகள், முடிந்துபோன வழக்கு. ஹேல் சிறைக்குப் போனார், ஹூவரின் துறைக்குப் புகழ் சேர்ந்தது, கோப்பு மூடப்பட்டது. கிரான் தன் இரண்டாம் பாகத்தோடு நிறுத்தியிருந்தால், ஹூவர் சொன்ன கதையையே அழகாகத் திருப்பிச் சொன்னவராகியிருப்பார்.

அவர் நிறுத்தவில்லை. மூன்றாம் பாகத்தில் தானே உள்ளே வந்து, ஓசேஜ் குடும்பங்களின் வாரிசுகளைச் சந்திக்கிறார், ஆவணக் காப்பகங்களில் தேடுகிறார். ஹேலுக்குத் தொடர்பே இல்லாத கொலைகள் வெளிவருகின்றன. 1921 முதல் 1926 வரை என்று சொல்லப்பட்ட கொலைக்காலம் முன்னும் பின்னும் நீள்கிறது. ஓசேஜ் மக்களைத் தம் பணத்தைக் கையாளத் தகுதியற்றவர்கள் என்று முத்திரை குத்தி, வெள்ளையர்களைப் பாதுகாவலர்களாக நியமித்தது அரசு. அப்படி நியமிக்கப்பட்டவர்களின் பொறுப்பில் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்திருக்கிறார்கள். மருத்துவர், வங்கியாளர், வழக்கறிஞர் என்று பலர் மீது சந்தேகம் விழுகிறது. குற்றவாளியைத் தேடிப் புறப்பட்ட நூல் ஓர் ஊரையே எதிர்கொள்கிறது. துப்பறியும் கதையின் விதியை மீறுகிற இந்தப் பாகமே நூலின் உச்சம். ஆனால், முதலிரண்டு பாகங்களின் வேகத்துக்குப் பழகிய வாசகருக்கு இது பின்னிணைப்பாகத் தோன்றும் அபாயமும் இருக்கிறது.

ஹாலி ரூபன்ஹோல்டின் 'தி ஃபைவ்' (2019) வேறு வழியில் போகிறது. 1888இல் லண்டனில் ஜாக் தி ரிப்பர் கொன்ற ஐந்து பெண்களின் வாழ்க்கையை எழுதுகிறார்; கொலையாளி யார் என்ற தேடலும் கொலைக் காட்சிகளும் நூலில் இல்லை. இழப்பின் கனத்தை அதனால் முழுசாக உணர முடிகிறது.

கிரானின் நூலை 2023இல் படமாக்கிய மார்ட்டின் ஸ்கார்செஸியும் மர்மத்தைக் கைவிட்டார். துப்பறியும் அதிகாரியை மையமாக வைத்திருந்த திரைக்கதை மாற்றப்பட்டது. ஹேலின் சூழ்ச்சி படத்தில் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. மனைவியை நேசித்துக்கொண்டே அவர் குடும்பத்தை அழிக்கத் துணைபோகும் எர்னஸ்டின் இழிவைப் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். மர்மக் கதையாக எடுத்திருந்தால் இது கைகூடியிருக்காது. ஆனால் மாலிக்குத் தெரியாதது நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், அவரோடு சேர்ந்து பயப்பட வழியில்லாமல் வெளியே நின்று பரிதாபப்பட வேண்டியிருக்கிறது. அந்த அச்சத்துக்குக் கிரானின் முதல் பாகத்துக்குத்தான் போக வேண்டும்.