ஆறு வீட்டுத் தெரு

எங்கள் வாசுதேவநல்லூரை வைத்து ஒரு நாவல் எழுதும்படி யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். கோட்டையிலிருந்துதான் ஆரம்பிப்பார். பூலித்தேவர் வருவார். யூசுப்கான் பீரங்கிகளோடு வந்து முற்றுகை போட்டதும், பிடிக்க முடியாமல் திரும்பிப் போனதும் வரும். சிந்தாமணிநாதர் கோயிலில் அர்த்தநாரீசுவரர் திருக்கோலத்துக்கு ஒரு அத்தியாயம் போய்விடும். இவ்வளவும் முடிந்த பிறகு, ஊரில் ஏதோ ஒரு தெருவில் சம்பளம் வராத மாதத்தில் ஒரு குடும்பம் எப்படிச் சமாளித்தது என்று எழுத இடம் ஏது?

பழம்பெருமையுள்ள ஊர்களில் குடியிருக்கிறவர்களுக்கு இது ஒரு சங்கடந்தான். ஊரைத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர். தெருவைத் தெரிந்தவர்கள் அந்தத் தெருக்காரர்கள் மட்டும். நாவலாசிரியன் இரண்டாவது கட்சியில் சேரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அப்படிச் சேர்ந்த ஒரு சின்னப் புத்தகத்தைப் பற்றி எழுதலாம் என்று வெகு நாளாக எண்ணம். வண்ணநிலவனின் ‘ரெயினீஸ் ஐயர் தெரு’ 1981-ல் வெளிவந்தது. இன்றும் அதைப் படித்தவர்கள் ஒருவருக்கொருவர் ரகசியம் போலத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

தெரு இருப்பது பாளையங்கோட்டையில். தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று அந்த ஊருக்குப் பட்டம் உண்டு. கல்லூரிகளும் பள்ளிக்கூடங்களும் நிறைந்த ஊர். ரெயினீஸ் என்பவர் ஜெர்மன் பாதிரியார். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்து, தமிழ் கற்று, தமிழுக்கு இலக்கணமும் எழுதி, தம்மை அனுப்பிய சங்கத்தோடு மனஸ்தாபப்பட்டுப் பிரிந்து, 1838-ல் அங்கேயே காலமானார். பாதிரிமாரை ‘ஐயர்’ என்பது எங்கள் ஜில்லாவின் பழைய வழக்கம். போப் துரைகூட எங்களுக்குப் போப்பையர்தான். இவ்வளவு பெரிய சரித்திரம் ஒரு பெயர்ப்பலகையில் தொங்கிக்கொண்டிருக்க, நாவலாசிரியர் அதை இறக்கிக்கூடப் பார்க்கவில்லை! அவர் பார்ப்பது எதிரும் புதிருமாக உள்ள ஆறு வீடுகளை. அந்த வீடுகளில் இருக்கிற கிறிஸ்தவக் குடும்பங்களை. வியாதியை, வயோதிகத்தை, சொல்லாமல் வைத்திருக்கும் பிரியத்தை, மழையை.

கதை என்று ஒன்றும் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். தெருவுக்குக் கதை கிடையாது, ஆட்களுக்குத்தான் உண்டு. ஒரு வீட்டில் நடப்பது அடுத்த வீட்டுக்குப் பாதி தெரியும், எதிர்வீட்டுக்குக் கால்வாசி தெரியும். அந்தப் பாதியையும் கால்வாசியையும் வைத்துக்கொண்டுதான் நாம் ஒருவர்மேல் ஒருவர் இரக்கப்படுகிறோம், பொறாமைப்படுகிறோம். முழுக்கத் தெரிந்துவிட்டால் இரண்டுமே சாத்தியமில்லை. வண்ணநிலவன் இந்த அளவை எங்கும் மீறுவதில்லை. வாசலில் நின்றுவிடவேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறார்.

நிஜ ஆக்ஸ்போர்டுக்கும் இப்படி ஒரு நாவல் உண்டு. தாமஸ் ஹார்டி 1895-ல் வெளியிட்ட ‘ஜூட்’. ஊரின் பெயரை மாற்றிக் கிறைஸ்ட்மின்ஸ்டர் என்று வைத்திருக்கிறார். ஜூட் ஒரு கல்தச்சன். பகலில் கல்லூரிச் சுவர்களைச் செப்பனிடுகிறான். அந்தச் சுவருக்குள் போய்ப் படிக்கவேண்டும் என்பது அவன் கனவு. கல்லூரித் தலைவர்களுக்குக் கடிதம் எழுதுகிறான். வந்த ஒரே பதில், உன் தொழிலோடு இரு என்பது. அவன் குடியிருக்கும் பேட்டைக்கு நிஜத்தில் ஜெரிகோ என்று பெயர். கால்வாய்க்கும் பல்கலைக்கழக அச்சகத்துக்கும் நடுவே, அச்சுத் தொழிலாளிகளுக்கும் இரும்புப் பட்டறைக்காரர்களுக்குமாக எழுந்த வரிசை வீடுகள். அந்த வீடுகள் இன்று தொழிலாளி வாங்கக்கூடிய விலையில் இல்லை என்பது வேறு கதை. (வண்ணநிலவன் புத்தகம் வந்த அதே 1981-ல் காலின் டெக்ஸ்டர் ஜெரிகோவில் ஒரு சாவை நடத்தி, துப்பறியும் நாவல் எழுதினார். அதுவும் ஸ்வாரஸ்யமானதுதான். ஆனால் துப்பறிகிறவனுக்குத் தெரு என்பது தடயம். வேலை முடிந்ததும் காரில் ஏறிப் போய்விடுவான்.)

ஹார்டியிடம் ஊர் பிரமாதமாக இருக்கிறது. தெரு அவ்வளவு சரியாக இல்லை. அண்டை வீட்டுக்காரர்கள் வம்பு பேசவும் முகம் திருப்பவும் மட்டுமே வருகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு தலைவலிகூடக் கிடையாது. இந்த விஷயத்தில் நம்முடைய சின்னப் புத்தகம் அந்தப் பெரிய புத்தகத்தைவிட உயர்ந்தது என்று கூசாமல் சொல்வேன்.

ஆனால் ஹார்டியிடம் ஒரு அத்தியாயம் இருக்கிறது. பட்டமளிப்பு விழா நாள், நல்ல மழை. ஜூட், கர்ப்பிணியான ஸூ, குழந்தைகள் எல்லோரும் நனைந்துகொண்டே ஊர்வலத்தைப் பார்க்கிறார்கள். பிறகு சந்து சந்தாக வீடு தேடி அலைகிறார்கள். ஒரு வீட்டுக்காரி அவளுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் இடம் கொடுக்கிறாள். முறைப்படி கல்யாணம் ஆனவள்தானா என்று கேட்கிறாள். ஸூ பொய் சொல்லத் தெரியாதவள். மறுநாள் காலி செய்யவேண்டும் என்று உத்தரவாகிவிடுகிறது. அதற்குப் பின் நடக்கும் பயங்கரத்தைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். படிக்காதவர்களுக்கு நான் சொல்லப்போவதில்லை.

ரெயினீஸ் ஐயர் தெருவிலும் மழை பெய்கிறது. அங்கே அது கருணை மாதிரி எல்லாக் கூரைமேலும் சமமாக விழுகிறது. அழகாக இருக்கிறது. ஆனால் அந்த மழையில் வெளியே நிற்கிறவன் கண்ணிலிருந்து அந்தத் தெருவை நாம் பார்ப்பதில்லை. ஆறு வீட்டுக்காரர்களும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். அவர்களுடைய துக்கங்கள் உள்ளே இருப்பவர்களின் துக்கங்கள். இதைக் குறை என்று சொல்வதா, எடுத்துக்கொண்ட எல்லை என்று சொல்வதா? எல்லை என்றுதான் சொல்லவேண்டும். ஆனாலும் எனக்கு மனசு சமாதானமாகவில்லை. ஏனென்றால் நம் பக்கத்துத் தெருக்களைக் கட்டி வைத்திருப்பது செங்கலும் சுண்ணாம்பும் மட்டுமல்ல. வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவனைத் திண்ணையில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, மிகுந்த அன்போடு விசாரிப்பார்கள்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“வாசுதேவநல்லூர், அண்ணாச்சி.”

“நல்ல ஊருல்லா. அங்க எந்தத் தெரு?”

ஊர் எது என்பது மரியாதைக்குக் கேட்டது. இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் வீடு காலியாக இருக்கிறதா, நேற்றே வேறு ஒருவருக்குப் பேசி முடித்தாகிவிட்டதா என்பது தீர்மானமாகும். மோர் குடித்த தம்ளரைக் கீழே வைப்பதற்குள் விஷயம் முடிந்துவிடும். யாரும் குரலை உயர்த்தியிருக்கமாட்டார்கள். ஹார்டியின் வீட்டுக்காரி கேட்ட கேள்வியைவிட இது நாகரிகமான கேள்வி. அதனாலேயே எழுதுவதற்குக் கடினமானது. இதை எழுத ஹார்டியின் கோபம் மட்டும் போதாது. கேட்கிற அண்ணாச்சியையும் அவர் வீட்டு நோயாளியையும் வெறுக்காமல் பார்க்கத் தெரியவேண்டும். வண்ணநிலவனுக்கு அது தெரியும். அவர் அந்தத் திண்ணைக்கு எதிர்ப்புறத்திலிருந்தும் ஒருமுறை பார்த்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.