இருமத் தேடல்: மேல்நிலைப் பாடநூலில் விடுபட்ட படி

தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புகளுக்கான புதிய கணினி அறிவியல் நூல்கள் 2018–19, 2019–20 கல்வியாண்டுகளில் வந்தன. பதினொன்றாம் வகுப்பு நூலின் நெறிமுறைப் பகுதி, பள்ளி நூல்களில் அரிதாகக் காணப்படும் தரமுடையது. உள்ளீடு நிறைவு செய்ய வேண்டிய நிபந்தனையையும் வெளியீட்டின் நிபந்தனையையும் ஓர் ஒப்பந்தமாகவே அது விளக்குகிறது. மடக்கின் சரித்தன்மையை மாற்றமிலி கொண்டு நிறுவுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு நூலோ நேரச் சிக்கலை எடுத்துக்கொண்டு, தேடலையும் வரிசையாக்கத்தையும் அதன்வழி ஒப்பிடுகிறது. இரண்டும் நல்ல பாடங்கள்தாம். ஆனால் சரித்தன்மையும் வேகமும் ஒரே நிரலில் சந்திக்கும் இடம் எந்த நூலிலும் இல்லை.

இருமத் தேடலில் இக்குறை தெளிவாகத் தெரிகிறது. நடு இடத்தைக் காண, low + (high - low) / 2 என்ற சூத்திரத்தை நூல் தருகிறது. பின்னத்தை விட்டுவிடச் சொல்கிறது. சி++ மொழியில் முழு எண்களை வகுத்தால் பின்னம் தானே போய்விடும். பன்னிரண்டாம் வகுப்பின் மொழியான பைத்தானில் 9 / 2 என்பது 4.5; அதைப் பட்டியலின் சுட்டெண்ணாகக் கொடுத்தால் பிழை வரும். // இட வேண்டும். சூத்திரம் ஏன் (low + high) / 2 என்று எளிமையாக இல்லை என்பதும் சொல்லப்படவில்லை. அவ்வெளிய வடிவத்தில் கூட்டுத்தொகை 2,14,74,83,647 ஐத் தாண்டினால் 32 பிட் எண்ணில் அடங்காது. ஜாவாவின் நூலகத்திலேயே இப்பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கிடந்ததை ஜோசுவா பிளாக் 2006இல் எடுத்துக்காட்டினார்.

இவையாவது எண் சார்ந்தவை. தமிழ் மாணவர் தம் ஊர்ப்பெயர்களைத் தேட முனைந்தால் சிக்கல் இன்னும் ஆழமானது. அகராதி வரிசையில் உள்ள ஐந்து சென்னைப் பெயர்களைக் கொள்வோம்: எண்ணூர், கல்மண்டபம், கலங்கரை விளக்கம், காசிமேடு, தண்டையார்பேட்டை. தேடுவது கல்மண்டபம். நடுவில் இருப்பது கலங்கரை விளக்கம். தமிழில் ‘ல்’ முன், ‘ல’ பின். ஆகவே இடப்பக்கம் போக வேண்டும். பைத்தான் ஒப்பிடுவதோ ஒருங்குறி எண்களை. அங்கே புள்ளிக்குரிய எண், மெய்யெழுத்துகளின் எண்களைவிடப் பெரியது. எனவே நிரல் வலப்பக்கம் போய், காசிமேட்டைப் பார்த்து, கல்மண்டபம் பட்டியலில் இல்லை என்று அறிவித்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. (ந-வை அடுத்து ன-வை வைத்திருப்பதும் ஒருங்குறி வரிசையின் இன்னொரு விலகல்.)

மடக்கில் தவறில்லை. பட்டியல் வரிசையில் இருக்க வேண்டும் என்று நூல் சொல்லத்தான் செய்கிறது; எந்த வரிசை என்பதைச் சொல்லவில்லை. பட்டியலை அடுக்கிய வரிசையும் தேடும்போது ஒப்பிடும் வரிசையும் ஒன்றாக இருப்பதே இங்கு முன்நிபந்தனை. முந்தைய ஆண்டு நூலின் ஒப்பந்தக் கருத்தை இங்கே ஒரு பத்தி நினைவூட்டியிருந்தால் போதும்.

தேடும் ஒவ்வொரு முறையும் வரிசையைச் சரிபார்ப்பது தீர்வாகாது. ஒரு லட்சம் பெயர்களில் 17 ஒப்பீடுகளில் முடியும் வேலைக்கு, சரிபார்ப்பு மட்டுமே 99,999 ஒப்பீடுகள் கேட்கும். ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகப் பிரித்து, மெய்க்கு ஓர் எண்ணும் உயிருக்கு ஓர் எண்ணும், புள்ளிக்குச் சுழியமும் இட்டு, ஒரு திறவுகோலை உண்டாக்கலாம். பட்டியலை அமைக்கும்போதே அதை ஒருமுறை கணித்து வைத்து, வரிசையாக்கத்துக்கும் தேடலுக்கும் அதையே பயன்படுத்த வேண்டும். தேடும் சொல்லுக்குத் திறவுகோல் ஒன்று கூடுதல். ஒப்பீடுகள் அதே 17.